கன்ட்ரி ஜோ அண்ட் தி ஃபிஷ்: ஒரே பாட்டுக்குள் அடைபட்ட இசைக்குழு

"வுட்ஸ்டாக் படத்தில் ராணுவச் சட்டை போட்ட ஒருவர், லட்சக்கணக்கான கூட்டத்தைக் கெட்ட வார்த்தை கத்த வைத்துவிட்டு வியட்நாம் பாட்டு ஒன்றைப் பாடுகிறாரே, அவர் யார்? அவருக்கு ஒரு இசைக்குழு இருந்ததாமே, அரசியல் பேசியதால்தான் அது காணாமல் போனதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் ஜோ மெக்டொனால்ட். 1969-இல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவைப் பற்றிய படத்தில்தான் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். குழுவின் பெயர் கன்ட்ரி ஜோ அண்ட் தி ஃபிஷ். அரசியல் அவர்களை அழிக்கவில்லை. அரசியல் இல்லையென்றால் அந்தக் குழு பிறந்தே இருக்காது. அவர்களை விழுங்கியது ஒரு பாட்டும், அந்தப் பாட்டின் தலையில் ஒட்டிக்கொண்ட நாலெழுத்துக் கூச்சலும்தான். அந்த மூன்று நிமிடங்களை மட்டும் பார்த்துவிட்டு "ஓ, போர் எதிர்ப்புப் பாடகர்" என்று நகர்ந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அவர்களுடைய முதல் இசைத்தட்டை ஒரு நண்பர் வற்புறுத்திக் கேட்க வைத்த பிறகுதான் எவ்வளவு பெரிய விஷயத்தைத் தவறவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம், கதை முழுக்க அதில் இருக்கிறது. ஜோ பிறந்தது 1942 ஜனவரி 1, வாஷிங்டனில். அப்பா அம்மா இருவரும் கம்யூனிஸ்டுகள். பிள்ளைக்கு வைத்த 'ஜோசப்' ஜோசப் ஸ்டாலினின் ஜோசப். நம் ஊரில் ஸ்டாலின், லெனின் என்று பெயர் வைப்பது புதிதல்ல என்பதால் உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட வீட்டில் வளர்வது வேறு மாதிரியான அனுபவம். கலிபோர்னியாவின் எல் மான்டே என்ற ஊரில் வளர்ந்தார். கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடி ஒடுக்கிய மெக்கார்த்தி காலத்துக் கெடுபிடியில் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு வேலை போனது. அம்மா ஃபுளோரன்ஸ் அசரவில்லை, பின்னாளில் பெர்க்லி நகர மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 17 வயதில் செய்த காரியம், கடற்படையில் சேர்ந்தது. ஜப்பானில் அட்சுகி தளத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலை பார்த்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

'ஃபிஷ்' மாவோவிடமிருந்து வந்தது. மக்கள் என்ற நீரில் மீனைப் போல நீந்துபவன் புரட்சிக்காரன் என்று மாவோ சொன்னாரல்லவா, அந்த மீன். குழுவின் மேலாளராக இருந்த எட் டென்சன் முதலில் யோசித்த பெயர் 'கன்ட்ரி மாவோ அண்ட் தி ஃபிஷ்'. அது சரிப்படவில்லை. மாவோ போய் ஸ்டாலின் வந்தார், ஸ்டாலினின் செல்லப் பெயராக 'கன்ட்ரி ஜோ' ஒட்டிக்கொண்டது. ஆக, அமெரிக்க வானொலிகளில் அறிவிப்பாளர்கள் உற்சாகமாக உச்சரித்த அந்தப் பெயரில் ஸ்டாலினும் மாவோவும் ஒளிந்திருந்தார்கள். 'கன்ட்ரி' என்றதும் கிராமிய இசைக் குழு என்று நினைத்து ஏமாந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இவர்கள் சான்பிரான்சிஸ்கோ குழு என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் வளைகுடாவின் எதிர்க்கரை, பெர்க்லி. பாலம் கடந்தால் வந்துவிடும் தூரம்தான், ஆனால் இரண்டும் இரண்டு உலகம். சான்பிரான்சிஸ்கோவில் ஹிப்பிகள் குவிந்த ஹெய்ட்-ஆஷ்பரி பகுதி இளைஞர்களுக்கு அரசியல் கூட்டம் என்றால் அலுப்பு. பெர்க்லி மாணவர்களுக்கு அதுவே அன்றாடம். 1964-இல் பல்கலைக்கழக வளாகத்தில் அரசியல் பேசும் உரிமைக்காக பேச்சுரிமை இயக்கம் நடந்தது. அடுத்த வருடம் மே மாதம் வியட்நாம் பற்றிய மாபெரும் கற்பித்தல் கூட்டம். ஜூலை இறுதியில் குடியரசுத் தலைவர் ஜான்சன் வியட்நாமில் இருக்கும் படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். கட்டாய ஆள்சேர்ப்பும் மாதத்துக்கு 17,000-லிருந்து 35,000 ஆனது. கல்லூரிப் பையன்களின் தபால் பெட்டிக்கே போர் வந்து சேர்ந்த காலம் அது.

அந்தச் சூழலில், டெலிகிராஃப் அவென்யூவில் ஜாபர்வாக் என்ற காப்பிக் கடையை ஒட்டி, ஜோவும் பாரி மெல்ட்டன் என்ற கிடார்க்காரரும் சேர்ந்தார்கள். பாரிக்கு அப்போது 18 வயதுதான். ஜோ, டென்சன் இருவரும் 'ராக் பேபி' என்றொரு சிறுபத்திரிகையோடு தொடர்புடையவர்கள். ஒரு இதழுக்கு வேண்டிய கட்டுரைகள் சேரவில்லை. காகிதத்துக்குப் பதில் 'பேசும் இதழ்' ஒன்று போடலாமே என்று தோன்றியது, அதாவது ஒரு சின்ன இசைத்தட்டு. அர்ஹூலி என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் வீட்டு வரவேற்பறையில், 1965-இல் பதிவு நடந்தது. அச்சிட்டது சில நூறு பிரதிகளுக்குள். பெர்க்லியில் நடந்த போர் எதிர்ப்பு ஊர்வலத்திலும் கூட்டத்திலும் கைக்குக் கை விற்றார்கள். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த வகைப் பொருளாதாரம் நன்றாகப் புரியும்.

அந்தத் தட்டில் இருந்த பாட்டுதான் 'ஐ ஃபீல் லைக் ஐ'ம் ஃபிக்ஸின் டு டை ராக்'. சாகத் தயாராகிவிட்டேன் என்று தோன்றுகிறது என்பது அதன் பொருள். ஒரு நாடகத்துக்காகப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தபோது அரை மணி நேரத்துக்குள் இது வந்து விழுந்ததாக ஜோ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதுவரை வந்த போர் எதிர்ப்புப் பாட்டுகள் பெரும்பாலும் சோகமானவை, அல்லது அறவுரை சொல்பவை. இது இரண்டும் இல்லை. சர்க்கஸ் கூடாரத்தில் வாசிப்பது போன்ற துள்ளலான மெட்டு, பீப்பீ மாதிரி கசூ வாத்தியம், குடத்தை ஊதியும் சலவைப் பலகையைத் தேய்த்தும் வாசிக்கும் ஜக் பேண்ட் பாணி. அதன் மேல் திருவிழாக் கடைக்காரன் போல ஒருவன் கூவுகிறான். வாங்க பையன்களா, புத்தகத்தைக் கீழே போட்டுத் துப்பாக்கியை எடுங்க. வாங்க தளபதிகளே, பேர் வாங்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. வாங்க பங்குச்சந்தைக்காரர்களே, படைக்குச் சரக்கு அனுப்பினால் கொழுத்த லாபம். கடைசியில் பெற்றோரிடம் வருகிறான். தாமதிக்காமல் பிள்ளையை அனுப்புங்கள், உங்கள் தெருவிலேயே முதலில் மகனைப் பெட்டியில் திரும்பப் பெறும் பெருமை உங்களுக்குக் கிடைக்கட்டும் என்கிறான். ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு எல்லோரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, எதற்குச் சண்டை என்று கேட்டுவிட்டு, எல்லோரும் சாகப்போகிறோம் என்று கும்மாளமிடுகிறார்கள்.

நம் இலக்கணத்தில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர். தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து, உன் வேல்களெல்லாம் நெய் பூசி மாலை சூடி எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவ்வை சொன்னாளே, அதே உத்தி. திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிப் 'பாராட்டினால்' என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. சிப்பாயை இந்தப் பாட்டு ஒரு இடத்திலும் குற்றம் சொல்லவில்லை. தளபதி மாட்டிக்கொள்கிறார், முதலாளி மாட்டிக்கொள்கிறார், பெற்றோரும் தப்பவில்லை. கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர் எழுதிய பாட்டு என்பது இங்கேதான் தெரிகிறது. கல்லூரி வகுப்பறையிலிருந்து எழுதியிருந்தால் சிப்பாயும் வில்லன் ஆகியிருப்பான். வியட்நாமில் இருந்த சிப்பாய்களே இந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. சாவை நக்கலடிப்பது படைவீரர்களின் பழைய வழக்கம், அந்தக் குரலில் பாட்டு இருந்தது.

இதுவரை சொன்னது பாதிக் கதை. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஜோவும் பாரியும் மாணவர் அமைப்பு ஒன்றுக்காக வடமேற்கு மாநிலக் கல்லூரிகளில் இரட்டையராகப் பாடித் திரும்பினார்கள். அதற்குள் காலம் மின்சாரத்துக்கு மாறிவிட்டிருந்தது. பாடகர் பாப் டிலன் மின்கிடார் எடுத்துவிட்டார். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் 1966 அக்டோபர் வரை கலிபோர்னியாவில் சட்டவிரோதமே இல்லை. குழு ஐந்து பேராக வளர்ந்தது: பேஸ் கிடாருக்கு புரூஸ் பார்தோல், ஆர்கனுக்கு டேவிட் கோஹன், பின்னர் டிரம்ஸுக்கு 'சிக்கன்' என்று கூப்பிடப்பட்ட கேரி ஹெர்ஷ். 1966-இல் சொந்தமாக இரண்டாவது சின்னத் தட்டு போட்டார்கள். முதல் தட்டைக் கேட்டவர்களுக்கு இது அதே ஆட்கள் என்று நம்பவே கஷ்டமாக இருந்திருக்கும். குடமும் கசூவும் காணோம். 'செக்‌ஷன் 43' என்று நீளமாக ஓடும், சொல்லே இல்லாத இசை.

அதே உருப்படி மறுபதிவாக முதல் நீள்தட்டில் வருகிறது. தட்டின் பெயர் 'எலெக்ட்ரிக் மியூசிக் ஃபார் தி மைண்ட் அண்ட் பாடி'. மனதுக்கும் உடலுக்குமான மின்னிசை, மருந்துக் கடை விளம்பரம் மாதிரி. 1967 பிப்ரவரியில் பெர்க்லியிலேயே சியரா சவுண்ட் என்ற கூடத்தில் பதிவானது, மே 11 அன்று வெளியானது. பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' வருவதற்குச் சில வாரம் முன்னால். தயாரித்தவர் சாம் சார்ட்டர்ஸ், தென்மாநிலங்களில் அலைந்து கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களைத் தேடிப் பதிவு செய்த ஆய்வாளர். அவர் இவர்களை அழகுபடுத்த முயலவில்லை, இருந்ததை இருந்தபடி பிடித்தார். அதனால்தான் இன்று கேட்டாலும் அந்தத் தட்டு பழசாகவில்லை என்று நினைக்கிறேன். அக்காலத்து சைக்கடெலிக் தட்டுகள், அதாவது போதை மயக்கத்தை இசையாக்க முயன்ற தட்டுகள், பலவற்றில் எதிரொலியும் தலைகீழாக ஓடும் நாடாவும் ஒப்பனை மாதிரி அப்பிக் கிடக்கும். இதில் அந்த மயக்கம் வாசிப்பிலேயே இருக்கிறது.

எப்படி என்று கேட்டால், மூன்று விஷயம் சொல்வேன். முதலாவது கோஹனின் ஃபார்ஃபிசா ஆர்கன். மலிவான, மெலிந்த, கொஞ்சம் மூக்கடைத்த ஒலி. தேவாலய ஆர்கனின் கம்பீரம் அதில் கிடையாது, ஆனால் இரவில் தூரத்திலிருந்து வரும் ராட்டினக் கூடத்து இசை போல ஒரு அமானுஷ்யம் உண்டு. இரண்டாவது பாரியின் கிடார். ஒரு ஸ்வரத்தைத் தொட்டதும் அதை நிற்க விடமாட்டார், நடுங்க வைத்துக்கொண்டே இருப்பார். நம் காதுக்கு இது சட்டென்று பழகிவிடும், அசையாத ஸ்வரம் நமக்குத்தானே உறுத்தும்? மூன்றாவது, வெறுமையை விட்டுவைக்கும் துணிச்சல். 'செக்‌ஷன் 43'இல் மெதுவான ஆர்கன் அலை, திடீரென மவுத் ஆர்கன், தாளம் மாறி ஒரு சுழற்சி, மறுபடி அமைதி. ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் காத்திருக்கிறார்கள். அந்த வயதில் காத்திருக்கத் தெரிந்த ராக் குழு அபூர்வம்.

அதே தட்டில் 'சூப்பர்பேர்ட்' என்ற ஜான்சன் கிண்டலும் உண்டு. குடியரசுத் தலைவரை சூப்பர்மேன் கணக்காக வானத்தில் பறக்கவிட்டு, படக்கதை நாயகர்களை விட்டுக் கீழே இறக்கி, டெக்சாஸில் இருக்கும் அவருடைய பண்ணைக்கே திருப்பி அனுப்பும் பாட்டு. பதவியில் இருப்பவரை வைத்து இப்படி விளையாடிய ராக் குழுக்கள் அப்போது அபூர்வம். இதோடு கஞ்சா மயக்கத்தில் தவழும் ஒரு ப்ளூஸ், ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் பாடகி கிரேஸ் ஸ்லிக்கை நினைத்து எழுதிய ஒரு கனவுப் பாட்டு. அரசியலும் மயக்கமும் ஒரே தட்டில் சண்டை போடாமல் இருக்கின்றன. வெளியே அவை சண்டை போட்டன என்பதுதான் வேடிக்கை. தீவிர இடதுசாரிகளுக்கு நீளமுடிக்காரர்களின் போதை பொறுப்பின்மையாகத் தெரிந்தது. ஹெய்ட்-ஆஷ்பரிக்காரர்களுக்கு அரசியல் பேச்சு மனதைக் கெடுக்கும் விஷயம். இரண்டு வீட்டிலும் கால் வைத்திருந்த குழு இவர்கள். தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 39-ஆம் இடம் வரை போனது. ஜூன் மாதம் கலிபோர்னியாவின் மான்டரே இசை விழாவில் 'செக்‌ஷன் 43' வாசித்தது அந்த விழாவைப் பற்றிய படத்திலும் இடம்பெற்றது.

ஆனால் அந்தப் பிரபலமான போர்ப் பாட்டு முதல் நீள்தட்டில் இல்லை. தட்டை வெளியிட்ட வேன்கார்டு நிறுவனம் தடுத்துவிட்டது. இது கொஞ்சம் முரண். வேன்கார்டு சாதாரண நிறுவனம் இல்லை, மெக்கார்த்தி காலத்தில் கறுப்புப் பட்டியலில் கிடந்த வீவர்ஸ் குழுவை எடுத்து வெளியிட்டவர்கள், பாடகி ஜோன் பேயஸின் தட்டுகளை வெளியிட்ட நிறுவனம். அவர்களுக்கே இந்தப் பாட்டு கைசுட்டது. சில மாதம் கழித்து மனம் மாறி, 1967 நவம்பரில் வந்த இரண்டாம் தட்டுக்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்து முதல் உருப்படியாகவும் போட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு கூச்சல்: எஃப் கொடு, ஐ கொடு, எஸ் கொடு, எச் கொடு, என்ன வந்தது? ஃபிஷ்! பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் ஆதரவாளர்கள் கத்துவார்களே, அந்த மாதிரி. இதே தட்டில் 'ஜேனிஸ்' என்ற மென்மையான பாட்டு உண்டு. ஜோவும் பாடகி ஜேனிஸ் ஜாப்ளினும் சில காலம் சேர்ந்து இருந்தார்கள், பிரியும்போது எழுதிக் கொடுத்தது. போர்ப் பாட்டை எழுதிய அதே கை இதையும் எழுதியது என்று காட்ட நான் எல்லோருக்கும் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இப்போது 1968 கோடை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பீர் நிறுவனம் ஆதரவளித்த இசை விழா. ஹெர்ஷுக்கு ஒரு குறும்பு தோன்றியது. எஃப்-க்குப் பிறகு வரும் எழுத்துகளை மாற்றினால் என்ன? மாற்றினார்கள். கூட்டம் ஒரே குரலில் அந்த நாலெழுத்து வார்த்தையைக் கத்தியது. விளைவு உடனே வந்தது. அந்த விழாவில் இனி நிரந்தரத் தடை. எட் சல்லிவன் நிகழ்ச்சி, அமெரிக்கா முழுக்க ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி, இவர்களை ஒப்பந்தம் செய்திருந்தது. கொடுத்த பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், வராமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் அதே கூச்சலுக்காக ஜோ மீது ஆபாச வழக்கு, 500 டாலர் அபராதம்.

ஜான்சனைக் கேலி செய்ததற்கும் பெற்றோரிடம் பிணப்பெட்டியைக் காட்டியதற்கும் வராத வழக்கு நாலு எழுத்துக்கு வந்தது. "அரசியல் பேசியதால் அழிந்தார்களா" என்று நீங்கள் கேட்டதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கதவு சாத்தப்பட்டது உண்மை. சாத்தியவர்கள் எழுதிக் கொடுத்த காரணத்தில் வியட்நாம் இல்லை.

உள்ளே உடைந்த கதை வேறு. அதில் அரசியல் இருக்கிறது. 1968 ஆகஸ்ட் கடைசியில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. யிப்பிகள் என்ற குறும்புக்காரப் போராளிகள் அதற்கு எதிராக 'வாழ்வின் திருவிழா' நடத்தத் திட்டமிட்டு, இவர்களை அழைத்திருந்தார்கள். ஜோ ஆரம்பத்தில் சம்மதித்தார். ஊரின் நிலைமையைப் பார்த்ததும், இங்கே ரத்தம் சிந்தும், இளைஞர்களை இசையைக் காட்டி அடிவாங்க அழைத்து வரமாட்டேன் என்று விலகிவிட்டார். அவர் பயந்தது பொய்யில்லை. அந்த வாரம் சிகாகோ போலீஸ் நடத்திய தடியடியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. விழாவிலிருந்து விலகிய ஜோவே தங்கியிருந்த விடுதியில் முன்பின் தெரியாதவர்களால் தாக்கப்பட்டு மூக்கு உடைந்தது. பார்தோலுக்கு இந்த விலகல் ஏற்கவில்லை. போயிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சில வாரத்தில் குழுவை விட்டுப் போனார். இருவரில் யார் சரி? ஜோ பக்கம்தான் எனக்குச் சாய்வு. ஆனால் கூட்டத்தைக் கூவி அழைத்தே பேர் வாங்கிய குழு, கூட்டம் கூடிய நாளில் வராமல் இருந்தது ஒரு உறுத்தல்தான், அதை மறைப்பதற்கில்லை.

சிகாகோ அவர்களை விடவில்லை. அந்தக் கலவரத்துக்காகத் தொடரப்பட்ட சதி வழக்கில் 1970 ஜனவரியில் ஜோ குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். யிப்பித் தலைவர்களைச் சந்தித்தபோது என்ன பேசினீர்கள் என்று வழக்கறிஞர் கேட்க, அந்தப் போர்ப் பாட்டைப் பாடிக் காட்டினேன் என்று பாடவே தொடங்கிவிட்டார். நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் நீதிமன்றத்தில் பாட்டுக் கூடாது என்று நிறுத்தினார். ஃபில் ஓக்ஸ், ஆர்லோ கத்ரி, ஜூடி காலின்ஸ் என்று அந்த வழக்கில் வந்த பாடகர்களுக்கெல்லாம் இதே கதிதான். பாட முடியாததால் ஜோ வரிகளை உரைநடையாக ஒப்பித்தார். அது நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கிறது.

மூன்றாம் தட்டு 'டுகெதர்' பற்றிச் சுருக்கமாகப் போகிறேன். 1968-இல் வந்தது, 23-ஆம் இடம் வரை போனது, அவர்கள் தட்டுகளிலேயே அதிகம் ஏறியது இதுதான். பாட்டு எழுதுவதை எல்லோரும் பகிர்ந்துகொண்டதில் ஒரு கதம்பத்தன்மை வந்துவிட்டது. 'ஆன் அன்டைட்டில்ட் புரொட்டெஸ்ட்' ஒன்றைத் தவிர நான் திரும்பப் போய்க் கேட்பதில்லை. அந்தப் பாட்டில் நக்கல் துளியும் இல்லை, தாளம்கூட இல்லை, வியட்நாமில் விழும் உடல்களைப் பற்றிய முனகல் மாதிரி போகும். சிரித்துப் பாடியவர்களுக்குச் சிரிக்க முடியாமல் போன இடம் அது. 1969 ஜனவரியில் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில், பார்தோல் நீங்கலாக, பழையவர்கள் சேர்ந்து கடைசியாக வாசித்தார்கள். அந்த இரவுகளின் பதிவு 1994-இல்தான் வெளிவந்தது. மற்ற சான்பிரான்சிஸ்கோ குழுக்களின் ஜெர்ரி கார்சியா, மிக்கி ஹார்ட், ஸ்டீவ் மில்லர் எல்லோரும் மேடையேறி முப்பது நிமிடத்துக்கு மேல் கலந்து வாசிக்கிறார்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் கேளுங்கள்.

ஆக, 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக்குக்குப் போன குழுவில் பழையவர்கள் ஜோவும் பாரியும் மட்டுமே. மற்ற மூவரும் புதியவர்கள். நீங்கள் படத்தில் பார்த்த காட்சியில் குழுவே இல்லை, கவனித்தீர்களா? அடுத்து ஏற வேண்டியவர்கள் தயாராகவில்லை, மேடை காலியாகக் கிடக்கிறது. சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஜோவை, தனியாகப் போய் ஏதாவது பாடு என்று தள்ளிவிட்டார்கள். யாரோ ஒரு கிடாரைத் தேடிக் கொண்டுவந்தார்கள். சில பாட்டுப் பாடினார், ஒருவரும் கவனிக்கவில்லை, அவரவர் பேச்சில் இருந்தார்கள். இறங்கி வந்து தன் ஆட்களிடம், அந்தக் கூச்சலைப் போட்டுப் பார்க்கவா என்று கேட்டாராம். யாரும் கேட்கவில்லையே, என்ன செய்தால் என்ன என்றார்களாம். போய் எஃப் கொடு என்றார். மலைச்சரிவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்தது நீங்கள் பார்த்ததுதான், நடுவில் இன்னும் சத்தமாகப் பாடாவிட்டால் போரை எப்படி நிறுத்துவீர்கள் என்று கூட்டத்தையே அதட்டுவது உட்பட.

குழுவாக அவர்கள் மேடையேறியது ஞாயிற்றுக்கிழமை, ஜோ காக்கர் என்ற பாடகர் முடித்து, பெருமழை கொட்டி ஓய்ந்த பிறகு. அது யார் நினைவிலும் இல்லை. 1970 மார்ச்சில் படம் வந்தபோது, பாட்டின் வரிகளைத் திரையில் போட்டு, சொல்லுக்குச் சொல் குதிக்கும் பந்து ஒன்றையும் ஓடவிட்டார்கள், திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர்களும் பாட வேண்டுமென்று. உலகம் முழுக்க அந்த மூன்று நிமிடம் போய்ச் சேர்ந்தது. தனி ஆளாக அவர் புகழ் உச்சிக்குப் போன அதே வருடம் குழு கலைந்தது. 'செக்‌ஷன் 43' எல்லாம் தூசியடைந்தது. ஒரு பாட்டு விழுங்கியது என்று சொன்னது இதைத்தான்.

பாட்டால் எதிர்பாராத லாபம் அடைந்தவரும் உண்டு. வரவேற்பறையில் இலவசமாகப் பதிவு செய்து கொடுத்த ஸ்ட்ராக்விட்ஸ், கைம்மாறாகப் பாட்டின் வெளியீட்டு உரிமையைக் கேட்டு வாங்கியிருந்தார். படம் ஓடியபோது வந்த தொகை எல் செரிட்டோவில் தன் நிறுவனத்துக்குக் கட்டடம் வாங்க உதவியது. நாட்டுப்புறக் கலைஞர்களைப் பதிவு செய்தே வாழ்ந்த மனிதர், நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது. இன்னொரு பக்கம், பாட்டின் மெட்டு 1926-இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குழு பதிவு செய்த 'மஸ்க்ரட் ராம்பிள்' மெட்டிலிருந்து எடுத்தது என்று அதை இயற்றிய கிட் ஓரியின் மகள் 2001-இல் வழக்குப் போட்டார். முப்பது வருடத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்தால் எப்படி என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சட்டம் ஜோ பக்கம், காது அவ்வளவு உறுதியாக இல்லை.

பிறகு என்ன ஆனார்கள்? பார்தோல் சான்பிரான்சிஸ்கோ மைம் ட்ரூப் என்ற தெருநாடகக் குழுவுக்குப் பல வருடம் இசையமைத்தார். சிகாகோ போகவில்லையே என்று கோபித்துக்கொண்டவர் கடைசி வரை தெருவில்தான் இருந்தார். பாரி மெல்ட்டன் ஊர் ஊராக வாசித்துக்கொண்டே சட்டம் படித்து 1982-இல் வழக்கறிஞர் ஆனார், கலிபோர்னியாவின் யோலோ கவுண்டியில் வசதியற்றவர்களுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைவராக இருந்து 2009-இல் ஓய்வு பெற்றார். மேலாளர் டென்சனும் பின்னாளில் வழக்கறிஞர்தான், கஞ்சா வழக்குகளுக்குப் பேர் போனவர். 1977-இல் பழைய ஐவரும் சேர்ந்து ஒரு தட்டு போட்டார்கள், பெரிதாக எடுபடவில்லை. இராக் போர் நடந்துகொண்டிருந்த 2004-இல் பாரி தவிர்த்த நால்வரும் 'கன்ட்ரி ஜோ பேண்ட்' என்று மறுபடி கிளம்பினார்கள். பாட்டில் நாட்டின் பெயரை மாற்ற வேண்டிய வேலைதான்.

ஜோ தனியாக நிறையத் தட்டுகள் போட்டார். நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியின் பாடல்கள், முதல் உலகப் போர்க் கவிதைகளுக்கு மெட்டு, திமிங்கில வேட்டைக்கு எதிரான பாட்டு என்று கை எங்கெங்கோ போனது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. போர் முடிந்ததும் எதிர்ப்பாளர்கள் பலர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இவர் திரும்பி வந்த சிப்பாய்களோடு இருந்தார், வேலையில்லாமல், தூக்கமில்லாமல், ஊராரின் ஏச்சோடு திரிந்தவர்களோடு. தானும் ஒரு முன்னாள் படைவீரன் என்று சொல்லிக்கொண்டார். 1986-இல் முழுக்க வியட்நாம் வீரர்களைப் பற்றியே ஒரு தட்டு. போரில் செவிலியராக இருந்த பெண்களைப் பற்றிப் படிக்கப் போய், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் வாழ்க்கையில் ஆழ்ந்து, அதில் ஊர் மதிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். போர் எதிர்ப்பின் தலைநகரான அதே பெர்க்லியில், வியட்நாமில் இறந்த உள்ளூர்ப் பையன்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று முன்னின்று 1995-இல் அமைத்தார்.

எங்கிருந்து கேட்பது என்றும் கேட்பீர்கள். வுட்ஸ்டாக்கை மறந்துவிட்டு முதல் நீள்தட்டை ராத்திரியில், ஹெட்ஃபோன் போட்டு, முழுதாகக் கேளுங்கள். பிறகு இரண்டாம் தட்டில் 'ஜேனிஸ்'. அதன் பிறகு 1965-இன் அந்தக் கசூ ஊதும் பழைய பதிவு, அதில் இருக்கும் கரகரப்பு மேடைப் பதிப்பில் கிடையாது. படக் காட்சியைக் கடைசியில் மறுபடி பாருங்கள். தோளில் கிடார் தொங்குகிறதே, அதை மட்டும் கவனியுங்கள். வார் கிடைக்காததால் கயிற்றைக் கட்டி மாட்டியிருக்கிறார்கள்.